கேலரியில் ஒரு ஆள்

2025-ம் வருடம் ஜூன் 23, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணி. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பால் போடுகிறவரையும் நாலு நாய்களையும் தவிர்த்து, விழித்திருந்த ஒரே ஜீவன் நான்தான். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துக்கொண்டு, காபி டம்ளரோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவில் அப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஓக்லஹோமா சிட்டியில் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம். அதுவரை ஆளுக்கு மூன்று ஜெயித்திருந்தார்கள். இன்றைக்கு ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை. தோற்கிறவனுக்கு அடுத்த சீசன் வரைக்கும் அழுகை.

ஜன்னல் பக்கம் நிழலாடியது. பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். வாக்கிங் கிளம்பியிருந்தார்.

"என்ன தம்பி, லீட்ஸ் மேட்ச் மத்தியானம் மூணரைக்குத்தானே? இப்பவே உட்கார்ந்துட்டீங்க?"

அந்த வாரம் இங்கிலாந்தில் இந்தியா டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

"கிரிக்கெட் இல்ல சார். பாஸ்கெட்பால் ஃபைனல்ஸ்."

"அட, இந்தியா ஆடுதா?"

"இல்ல சார். ஓக்லஹோமாவும் இண்டியானாவும்."

"அதான் இந்தியான்னு சொல்றீங்களே?"

"இண்டியானா சார். அது அமெரிக்காவுல ஒரு ஸ்டேட்டு."

ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "ராத்திரி நல்லாத் தூங்குங்க தம்பி. உடம்பு முக்கியம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். முப்பது வருடப் பழக்கம்!

அன்றைய ஆட்டத்தில் முதல் கால் பாகத்திலேயே இண்டியானாவின் நாயகன் டைரீஸ் ஹாலிபர்ட்டன் கால் நரம்பு அறுந்து கீழே விழுந்தார். தரையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு அழுதார். அவர் இல்லாமலும் அந்த அணி இடைவேளை வரை ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. கடைசியில் 103-91 என்று ஓக்லஹோமா ஜெயித்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் சொல்லி அழ ஒரு ஆள் வேண்டுமே? எட்டு மணிக்கு எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். பெட்டி முழுக்க ரிஷப் பந்த் பேச்சு. தாம்பரம், பல்லாவரம், கிண்டி... பார்க் ஸ்டேஷன் வரும்வரை ஹாலிபர்ட்டன் என்று ஒரு குரல் கேட்கவில்லை.

கூடைப்பந்து ரசிகனின் பிரச்னை இதுதான். தன் அணி தோற்பது கூடப் பெரிய துக்கமில்லை. தோற்றதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் துக்கம்.

ஏன் இப்படி? நம் ஊருக்கு இந்த ஆட்டம் புதுசா? இல்லை. அங்கேதான் கதையே இருக்கிறது.

*

1891-ம் வருடம் டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்றொரு ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே பதினெட்டு முரட்டு மாணவர்கள், உடற்பயிற்சி வகுப்பு போரடிக்கிறது என்று வாத்தியார்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையைத் தூக்கியாகிவிட்டது. மூன்றாவதாக மாட்டியவர் ஜேம்ஸ் நைஸ்மித். கனடாக்காரர், வயது முப்பது. கூரைக்குக் கீழே ஆடுகிற மாதிரி ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடி, உனக்கு இரண்டு வாரம் டைம் என்றார் மேலதிகாரி.

மனுஷன் பதிமூன்று விதிகளை எழுதினார். பள்ளிக்கூடக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருந்தது. வாங்கிக்கொண்டு போய் பால்கனிக் கைப்பிடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஆணியடித்தார். பால்கனி தரையிலிருந்து பத்தடி உயரம். இன்றைக்கும் உலகம் பூராவும் கூடை வளையம் பத்தடி உயரத்தில் இருப்பதற்கு அந்தப் பால்கனிதான் காரணம். முதல் ஆட்டத்தின் ஸ்கோர் என்ன தெரியுமோ? 1-0. கால்பந்தாட்ட ஸ்கோர் மாதிரி!

இதுவரைக்கும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற கதை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பால்கனியில் நின்றவர்களைப் பற்றி.

உள்ளே ஒரே கூச்சலாக இருக்கிறதே என்று போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தான். பால்கனி நிரம்பிவிட்டது. கூடையோ அவர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில். நம்மாள் எறிந்தால் பந்தை உள்ளே தள்ளிவிடுவது, எதிராளி எறிந்தால் தட்டிவிடுவது என்று ரசிகப் பெருமக்கள் தங்களால் ஆன சேவையைச் செய்தார்கள். இந்த அழும்பு தாங்காமல்தான் கூடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைத்தார்கள். இன்று பந்தை மோதவிட்டு அழகாகக் கூடைக்குள் இறக்குகிறார்களே, அந்தப் பலகை பிறந்தது ஆட்டக்காரனுக்காக அல்ல. ரசிகனின் கையைத் தடுப்பதற்காக.

இன்னொன்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பால்கனிக்கு வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நாங்கள் ஏன் ஆடக்கூடாது என்று கேட்டார்கள். நைஸ்மித் சரியென்றார். கூடைப்பந்து பிறந்து சில வாரங்களிலேயே பெண்கள் ஆட வந்தது அப்படித்தான். அப்படி ஆட வந்தவர்களில் மாட் ஷெர்மன் என்ற பெண்ணை 1894-ல் நைஸ்மித் கல்யாணமே செய்துகொண்டார்.

ஆக, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து செதுக்கிய விளையாட்டு இது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகலாம்.

*

அந்த முதல் பதினெட்டு மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன், 1894-லேயே இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதை நம் பக்கத்து மண்ணில் வேர் பிடிக்க வைத்தது அடுத்து வந்த ஒரு அமெரிக்கர். பெயர் ஹாரி க்ரோ பக். படித்தது அதே ஸ்பிரிங்ஃபீல்டு. நைஸ்மித் 1895-ல் அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டதால் அவரிடம் நேரே படித்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே பள்ளி, அதே பாடம்.

பக் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் அண்ணா சாலையில் போகும்போது மரங்களுக்கு நடுவே தெரியுமே, அந்தக் கல்லூரிதான். ஆசியாவிலேயே இந்த மாதிரி முதல் கல்லூரி என்று சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியைத் தயார் செய்து அழைத்துப் போனவரும் இவரே. 1943-ல் இறக்கும்வரை மெட்ராஸ்தான் அவருக்கு ஊர்.

அங்கே படித்து வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள்? பி.டி. மாஸ்டர் ஆனார்கள். மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர், திருச்சி என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார்கள். கழுத்தில் விசில். வாயில் அதட்டல். கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம் வேண்டும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் இருந்தால் போதும். சிமென்ட் தரை, இரண்டு கம்பம், இரண்டு வளையம். வலை இருந்தால் விசேஷம், இல்லாவிட்டாலும் மோசமில்லை. நான் தாம்பரம் பக்கம் படித்த பள்ளிக்கூடத்தில் கடைசிவரை வலை இருந்ததே இல்லை. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தினமும் பஞ்சாயத்து நடக்கும்.

ஆட்டம் பிறந்த இடத்திலிருந்து நேர்க்கோடு போட்டு மெட்ராஸுக்கு வந்துவிட்டது. விதி வந்தது. பந்து வந்தது. வாத்தியார் வந்தார். வராதது ஒன்றே ஒன்று. அந்தப் பால்கனி.

*

ரசிகன் என்றால் யார் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1936-ல் இருக்கிறது.

அந்த வருடம் பெர்லின் ஒலிம்பிக்ஸில் கூடைப்பந்து முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டது. கண்டுபிடித்த நைஸ்மித்துக்கு 74 வயது. ஆசை இருக்கிறது, கப்பலேறக் காசில்லை. அமெரிக்கக் கோச்சுகள் ஒரு யோசனை செய்தார்கள். பிப்ரவரியில் நடக்கும் ஆட்டங்களில் விற்கிற டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட் தாத்தாவுக்கு. சில்லறை சில்லறையாகச் சேர்த்து அவரை பெர்லினுக்கு அனுப்பிவைத்தது கேலரிக் கூட்டம்தான்.

அங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. ஜெர்மன்காரர்கள் கூடைப்பந்தை வெட்டவெளியில், டென்னிஸ் மைதானத்து மண்ணில் வைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 14, இறுதி ஆட்டம். அமெரிக்காவும் கனடாவும். அடை மழை. தரை சேறாகிவிட்டது. தட்டினால் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. இதை மழையில் நின்றுகொண்டே பார்த்தது ஆயிரம் பேர் போல ஒரு கூட்டம். உட்கார நாற்காலி கூடக் கிடையாது.

அதே மழையால்தான் அன்றைக்கு அதே ஊரில் நடக்கவேண்டிய ஹாக்கி இறுதி ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஆகஸ்ட் 15 அன்று தியான்சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கியது. அந்தக் கதை நமக்கு மனப்பாடம். ஒரே மழை, இரண்டு ஆட்டம். ஒன்று நம் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. இன்னொன்று அந்தச் சேற்றிலேயே நின்றுவிட்டது.

*

இப்போது பி.காம். படித்தவன் பேசவேண்டிய இடம் வந்துவிட்டது. கணக்கு பார்ப்போம்.

1950 நவம்பர் 22. மினியாபொலிஸில் லேக்கர்ஸ் அணிக்கும் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணிக்கும் ஆட்டம். லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்றொரு ஆறடி பத்தங்குல மலை. அவரிடம் பந்து போனால் சட்னி. பிஸ்டன்ஸ் என்ன செய்தார்கள்? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எறியவே இல்லை. அவ்வளவு நேரத்துக்குள் எறிந்தாகவேண்டும் என்று அப்போது விதி கிடையாது. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 19-18. பிஸ்டன்ஸ் வெற்றி! என்.பி.ஏ. சரித்திரத்திலேயே இன்றுவரை மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். காசு கொடுத்து வந்தவர்கள் கத்திக் கூச்சல் போட்டார்கள்.

அடுத்த சில வருடங்களில் இந்த வியாதி பரவியது. ஜெயித்துக்கொண்டிருக்கிற அணி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவன் கொட்டாவி விடுவான். கொட்டாவி விடுகிறவன் அடுத்த வாரம் டிக்கெட் வாங்க மாட்டான். முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்போது ஒரு ஆள் முளைத்தார். டேனி பியாசோன். இத்தாலியிலிருந்து குடியேறியவர், பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர், சிராக்யூஸ் அணியின் சொந்தக்காரர். தன் மேனேஜர் லியோ ஃபெரிஸோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். தான் ரசித்துப் பார்த்த ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் சுமார் அறுபது தடவை எறிந்திருக்கிறது. இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால்? 24. பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்துவிடு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. 1954-ல் விதி வந்தது. சராசரியாக ஒரு அணி ஒரு ஆட்டத்தில் எடுக்கிற புள்ளி 79-லிருந்து 93-க்கு எகிறியது.

ஒரு வகுத்தல் கணக்கு. அதற்குப் பின்னால் ஒரு கொட்டாவி. ரசிகனின் கொட்டாவிக்கு மரியாதை கொடுத்த ஊரில் ஆட்டம் வளர்ந்தது.

ஆனால் அமெரிக்க ரசிகனுக்கும் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சின்ன ஊரில் வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் தனியாளாக 100 புள்ளி எடுத்தார். இன்றுவரை எவரும் தொடாத சாதனை. டிவி கிடையாது. ஃபிலிம் கிடையாது. பார்த்தவர்கள் 4,124 பேர்தான். ஆனால் பிற்காலத்தில் "நானும் அன்னிக்கு அங்க இருந்தேன்" என்று சொன்னவர்கள் அதைப்போலப் பல மடங்கு! 1980 மே மாதம், மேஜிக் ஜான்சன் என்ற இருபது வயதுப் பையன் 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் நேரடியாகக் காட்டவில்லை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல் பதிவு செய்து போட்டார்கள்.

அதே 1980-ல் இன்னொன்றும் நடந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் பல நாடுகள் புறக்கணிக்க, இந்தியக் கூடைப்பந்து அணிக்கு வாய்ப்பு கிடைத்தது. முதலும் கடைசியுமாக. ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்று, பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவதாக வந்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒலிம்பிக்ஸில் ஆடுவதே பெரிய விஷயம். ஆனால் அந்த அணியில் இருந்த ஒருவர் பெயரை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட்டில் 1983-ல் பன்னிரண்டாவது ஆளாக இருந்தவர் பெயர் கூடச் சொல்வார்கள்.

*

சரி, நம் ஊரில் ஏன் கேலரி உருவாகவில்லை? என் கணக்கு இது.

அமெரிக்காவில் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கேலரியிலிருந்து வருகிறது. அதனால் கேலரி முகம் சுளித்தால் விதியையே மாற்றினார்கள். நம் ஊரில் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ். நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. மாசம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து ஒரு அரசாங்க உத்தியோகத்தைக் கொடுத்தது என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்! அந்த வேலைகள் மட்டும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் எப்போதோ காலி. ஆனால் ஒரு பக்க விளைவு இருந்தது. பார்க்க ஆள் வந்தாலும் அதே சம்பளம், வராவிட்டாலும் அதே சம்பளம். ரசிகனைக் கூப்பிடவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. ஆட்டம் பிழைத்துக்கொண்டது. கேலரி காலியாகவே கிடந்தது.

ரசிகன் என்ன செய்வான்? தானாகத் தேடிப் போனான். 1998 ஜூன் மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டு பி.காம். அட்மிஷனுக்குக் காத்திருந்தேன். மைக்கேல் ஜோர்டான் சிகாகோ புல்ஸுக்காக ஆடப்போகிற கடைசிச் சுற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஆறாவது ஆட்டம், நம்மூர் நேரத்துக்குத் திங்கட்கிழமை காலை ஐந்து மணி. அலாரம் வைத்து எழுந்தால், தெருவில் கேபிளே இல்லை. கேபிள்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்து நின்று, "கிரிக்கெட்டா?" என்றார். இல்லை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்து மூலையில் நாலு வரி. 5.2 விநாடி மிச்சமிருக்கும்போது ஜோர்டான் எறிந்த பந்து, 87-86, ஆறாவது கோப்பை. நாலு வரியை நாற்பது தடவை படித்தேன். அந்தக் காட்சியை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தபோது பல மாதங்கள் ஓடியிருந்தன. ஆனால் மனசுக்குள் அந்தப் பந்து அதற்குள் ஆயிரம் தடவை விழுந்திருந்தது. இந்தச் சுகம் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்று நினைத்து அவ்வப்போது மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

*

ஜெயித்த கதைகளும் இருக்கின்றன. அவற்றையும் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் விசேஷம்.

2014 ஜூலை. சீனாவில் வூஹான் நகரம். ஆசிய சாம்பியன் பட்டத்தை அதுவரை 15 முறை வென்றிருந்த சீனாவை, சீன மண்ணிலேயே, இந்தியா 65-58 என்று தோற்கடித்தது. கிரிக்கெட்டில் பங்களாதேஷ் நம்மை ஜெயித்தால் எவ்வளவு பேசுகிறோம்? இது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அப்போது நாடே பிரேசிலில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில் மூழ்கியிருந்தது. நமக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் கொடி பிடித்துக்கொண்டிருந்தோம்.

2017 ஜூலை, பெங்களூரு. பெண்கள் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு. இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று கடைசி நொடிகளில் சாய்த்தது. அந்த அணியில் சென்னைப் பெண் அனிதா பால்துரை இருந்தார். பதினாறு வயதில் இந்திய அணிக்குள் வந்தவர், பத்தொன்பது வயதில் கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப்பில் ஒன்பது தடவை ஆடியவர். கல்யாணம், குழந்தை என்று ஆனபிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது. பட்டியலைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரிந்தது.

இதற்கெல்லாம் சிகரம் 2022 ஏப்ரல். சென்னையில் தேசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப். தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாப்பை வீழ்த்தி, சொந்த ஊரில் இந்தியாவின் சாம்பியன் ஆனது. அதே வாரம் சென்னை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருந்தது. ஐ.பி.எல்.லில் சூப்பர் கிங்ஸ் முதல் நாலு ஆட்டத்திலும் வரிசையாகத் தோற்றிருந்தது. அந்த ஆட்டங்கள் நடந்ததோ மகாராஷ்டிராவில்! ஊரில் நடக்கும் கல்யாணத்தை விட்டுவிட்டு, டிவியில் தெரிகிற இழவுக்கு அழுதுகொண்டிருந்தோம்.

கேலரியை நம்பி ஒரு கடை திறந்து பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2015-ல் யு.பி.ஏ. என்று எட்டு அணிகளோடு ஒரு தொழில்முறை லீக் வந்தது. நம் ஊருக்கும் 'சென்னை ஸ்லாம்' என்று ஒரு அணி. ஆகா, கடைசியில் எனக்கென்று ஒரு அணி என்று குதித்தேன். 2017-க்கு மேல் அந்த லீக் நடக்கவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ரசிகர்கள் சூப்பர்சோனிக்ஸ் அணியை 41 வருடம் கொண்டாடினார்கள். 2008-ல் அதை அப்படியே பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஊருக்கு? ஓக்லஹோமா சிட்டி. அன்று காலை நான் பார்த்தேனே, கோப்பையைத் தூக்கிய அதே அணி. அந்த நேரத்தில் சியாட்டிலில் எத்தனை பேர் டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்காவது 41 வருட ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டு வருடம்!

*

இத்தனை புலம்பலுக்கும் ஒரு மாற்று மருந்து தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் பெரியகுளம். மாந்தோப்பு ஊர். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று, கோடை விடுமுறையில் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. அறுபது போட்டிகளைத் தாண்டிவிட்டார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். கடற்படை, விமானப்படை, வங்கி, ரயில்வே என்று இந்தியாவின் நல்ல நல்ல அணிகள் எல்லாம் ஒரு தாலுகா தலைநகரத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு வருகின்றன.

நான் ஒரு மே மாதம் போயிருக்கிறேன். சாப்பாட்டை முடித்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி. கையில் முறுக்குப் பொட்டலம். ஒரு பையன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் வரிசையாகக் கோட்டைவிட்டான். பாட்டி உச்சுக் கொட்டினார். "முட்டியை மடக்காம எறியறான் பாரு. போன வருசமும் இப்படித்தான் எறிஞ்சான்."

போன வருசமும்! எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு பால்கனி நந்தனத்துக்கு வரவில்லைதான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் பெரியகுளத்தில் இறங்கியிருக்கிறது. அங்கே ஆட்டத்தைக் கூட்டி வந்தது வங்கியும் இல்லை, ரயில்வேயும் இல்லை, டிவியும் இல்லை. பார்க்க ஆசைப்பட்ட ஊர்க்காரர்கள் தாங்களே இடம் தயார் செய்து, தாங்களே அணிகளைக் கூப்பிட்டு, தாங்களே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக.

அதைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கேலரி காலியாக இருக்கிறது என்று புலம்புகிற நான், அந்த கேலரியில் எத்தனை தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன்? காலை ஐந்து மணிக்கு ஓக்லஹோமாவைப் பார்க்க எழுந்திருக்கத் தெரிந்தவனுக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கு எழும்பூருக்குப் போகச் சோம்பல். அதற்கப்புறம் சென்னையில் ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்தால் போவதென்று வைத்துக்கொண்டேன். வார நாளில் லீக் ஆட்டமென்றால் உட்கார இடம் தேடவேண்டியிருக்காது. ஆட்டக்காரர்களின் அம்மா அப்பா, பழைய கோச்சுகள் இரண்டு பேர், நான். தரையில் ஷூ உரசுகிற கிறீச் சத்தம் அப்படியே காதில் விழும். டிவியில் அது கேட்காது.

அந்த ஜூன் மாதத் திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பும்போது பெரியவர் கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, காலையில உங்க இந்தியானா ஜெயிச்சுதா?"

"தோத்துடுச்சு சார். அவங்க மெயின் பிளேயருக்கு ஆரம்பத்துலயே அடிபட்டுடுச்சு."

"அடப் பாவமே! எங்க அடி?"

"குதிகால் நரம்பு."

"அது ரொம்ப நாள் ஆகுமே. எங்க ஷெட்டுல ஒருத்தனுக்கு அப்படி ஆகி, ஒரு வருஷம் வேலைக்கு வரல." கொஞ்சம் யோசித்தார். "சின்னப் பையனா?"

"இருபத்தஞ்சு வயசு சார்."

"த்சொ... த்சொ..." நிஜமாகவே வருத்தப்பட்டார். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த ஆள் கடைசியில் பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"சார், அடுத்து எழும்பூர்ல ஏதாவது மேட்ச் நடந்தா சொல்றேன். நேர்ல பாக்கலாம். வர்றீங்களா?"

"டிக்கெட் எவ்வளவு தம்பி?"

"ஃப்ரீ சார்."

"ரயிலும் எனக்கு பாஸ்தான்" என்றார். "எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க."